நான்கு மாதமாக எதிலும் பிடிப்பில்லை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். எனக்குக் கொரோனா இல்லை. இரண்டு முறை பரிசோதித்தும் தொற்றில்லை என்றே வந்தது. சிக்கல் மனத்தில். காலையில் எழுந்தால் எதற்காக எழுந்தேன் என்றே தெரிவதில்லை.

2020 மார்ச் 11 அன்று உலகச் சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தபோது நான் பெரிதாகப் பயப்படவில்லை. சில வாரங்களில் ஓய்ந்துவிடும் என்று நினைத்தேன். ஜூனில் பெரியப்பா போய்விட்டார். கடைசியாக அவர் முகம் பார்த்தது கைபேசித் திரையில்தான். இப்போது அக்டோபர். அன்றிலிருந்து இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. சாப்பாடு இறங்குகிறது, வேலையும் நடக்கிறது. அழுகை மட்டும் வரவில்லை.

செய்தி பார்ப்பதை நாளுக்கு ஒரு முறையாகக் குறைத்தேன். தூக்கம் சற்றுத் தேறியது, அவ்வளவுதான். மருத்துவரிடம் பேசினேன், இது துக்கம், நாளாகும் என்றார். 1918 இன்ஃப்ளூயன்சாவும் ஓய்ந்ததே என்று ஆறுதல் தேடிப் படித்தேன். சுமார் 5 கோடிப் பேர் இறந்திருக்கலாம் என்ற கணக்குதான் மனத்தில் நின்றது. (இந்த வைத்தியத்தை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.) தனியாக வாழும் முதியவர்கள் இருவரிடம் வாரம் இரு முறை தொலைபேசியில் பேசுகிறேன். அந்த அரை மணி நேரம் மட்டும் நான் பழைய ஆளாக இருக்கிறேன். வைத்தவுடன் மறுபடி வெறுமை.

"எல்லாம் சரியாகிவிடும்" என்ற பதில் வேண்டாம். அதை எனக்கு நானே பலமுறை சொல்லியாயிற்று.

கேள்வி ஒன்றுதான்: இறுதிச் சடங்குக்குப் போக முடியாமல் ஒருவரை இழந்தவர்களே, பிறகு அவருக்கு எப்படி விடைகொடுத்தீர்கள்?