கடைசி 2 நிமிடத்தில் பதறும் கூடைப்பந்து அணி: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் பதினாறு வயதுப் பையன்களின் கூடைப்பந்து அணி ஒன்றைத் தொண்டூழியராகப் பார்த்துக்கொள்கிறேன். 38 நிமிடம் புலிபோல ஆடுகிறார்கள். மீதி இரண்டு நிமிடத்தில்தான் எல்லாம் கை நழுவுகிறது.

போன சனிக்கிழமை ஒரு புள்ளி முன்னிலை, 50 விநாடி பாக்கி, பந்து எங்களிடம். தாக்குதலுக்கு 24 விநாடி முழுதாக இருக்க, ஆறாவது விநாடியிலேயே ஒருவன் தூரத்திலிருந்து எறிந்து தவறவிட்டான். மறுமுனையில் இன்னொருவன் பதற்றத்தில் எதிராளியின் கையைப் பிடித்து இழுத்தான். அந்தக் காற்பகுதியில் எங்கள் ஐந்தாவது தவறு அது. அதனால் எதிரணிக்கு இரண்டு தனி எறிகள், இரண்டும் உள்ளே. இடைநிறுத்தம் கேட்கலாமென்றால், இரண்டாம் பாதிக்குரிய மூன்றையும் நான் ஏற்கெனவே தீர்த்துவிட்டிருந்தேன். அது முழுக்க என் பிழை.

அணித்தலைவன் சட்டை நுனியைக் கடித்தபடி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆட்டத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை, ஆனால் வாய் திறக்கமாட்டான். சத்தம்போட்டு மற்றவர்களை நிதானப்படுத்துபவனோ பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரனாக பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்!

பயிற்சி முடிவில், ஓடிக் களைத்த பிறகு 4.6 மீட்டர் கோட்டிலிருந்து தனி எறி எறியச் சொல்கிறேன். அங்கே நன்றாகவே விழுகிறது.

இளையர் அணிகளுக்குப் பயிற்சி அளித்தவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்: பருவத்தின் நடுவில் தலைவனை மாற்றலாமா, அல்லது பேசுபவனைக் கடைசி நிமிடங்களுக்கு மட்டும் இறக்கலாமா? அந்தப் பதற்றத்தைப் பயிற்சியிலேயே எப்படி உண்டாக்குகிறீர்கள்? அடுத்த ஆட்டம் ஞாயிறு மாலை.