நார்வேயிலிருந்து அமெரிக்கா வந்த குடும்பங்கள்: நீங்கள் நேரில் கண்டதைச் சொல்லுங்கள்

ரோச்செஸ்டர், மினசோட்டா

எங்கள் பக்கத்து வீட்டில் 86 வயதுப் பாட்டி ஒருவர் தனியாக இருக்கிறார். குளிர்காலத்தில் அவர் வாசலில் பனி வாரிப் போடுவது என் வேலை. கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஒரு டப்பா நிறைய க்ரும்காகெ எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். பூவேலை செதுக்கிய இரும்பு அச்சில் மாவு வைத்துச் சுட்டு, சூடு ஆறுவதற்குள் கூம்பாகச் சுருட்டிய மொறுமொறுப்பான பலகாரம் அது. ஐந்து வருடப் பழக்கத்தில், அவர் குடும்பம் நார்வேயிலிருந்து வந்தது என்பதற்கு மேல் நான் எதுவும் கேட்டதில்லை.

போன வருடம் அவர்தான் பேச்சை ஆரம்பித்தார். தபால்காரர் மாற்றிப் போட்ட கடிதங்களைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "உனக்கு ஒரு கடைசிப் பெயர், உன் மனைவிக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. அது எப்படி?" என்றார். எங்கள் பக்கம் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் கூட வரும் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எங்கள் ஆட்களும் அப்படித்தான் இருந்தார்கள், தெரியுமா?" என்று என்னை உள்ளே கூப்பிட்டார்.

அன்றுதான் விஷயம் புரிந்தது. ஓலேயின் மகன் என்றால் ஓல்சன். மகள் என்றால் ஓல்ஸ்டாட்டர். அதற்குப் பிறகு அவர்கள் வாழ்ந்த பண்ணையின் பெயர் வரும். பண்ணை மாறினால் அந்தப் பெயரும் மாறும், விலாசம் மாதிரி. எல்லோரும் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நார்வேயில் சட்டம் வந்ததே 1923-ல்தான். 1825 முதல் நூறு வருடத்தில் சுமார் 8 லட்சம் பேர் அங்கிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். வந்த இடத்தில் கேட்டவர்களிடம் ஒருவர் அப்பா பெயரைச் சொன்னார், ஒருவர் பண்ணைப் பெயரைச் சொன்னார். பாட்டியின் தாத்தாவும் அவருடைய இரண்டு தம்பிகளும் கூடப்பிறந்தவர்கள்தான். ஆனால் மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர். அவர்கள் பேரப்பிள்ளைகள் ஒரே பள்ளியில் படித்தும் சொந்தம் என்று தெரியாமலே வளர்ந்திருக்கிறார்கள்.

பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் ஹவுகென். அதைக் கொண்டு ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. ஹவுகென் என்றால் மேடு, குன்று. மேட்டுத்தெரு என்று ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் ஒரு வீட்டைத் தேடுவது போலத்தான். பண்ணைப் பெயரோடு, அது எந்தத் திருச்சபை வட்டாரத்தைச் சேர்ந்தது என்பதும் தெரிய வேண்டும். அவர் மகன், நியூயார்க்கில் குடியேறிகளைப் பதிவு செய்த எல்லிஸ் தீவின் பதிவுகளில் தேடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாராம். அவர்கள் வந்தது 1882-ல். எல்லிஸ் தீவு திறந்ததே 1892-ல்.

பாட்டி இந்த வீட்டைக் கொடுத்துவிட்டுச் சின்ன ஃப்ளாட்டுக்கு மாறப்போகிறார். அடித்தளத்தைக் காலி செய்ய நானும் என் மனைவியும் உதவிக்குப் போனோம். கிறிஸ்துமஸ் விளக்குச் சரங்கள் போட்டு வைத்திருந்த ஒரு பெரிய மரப்பெட்டி, முழுக்கப் பச்சை பெயின்ட் அடித்தது. ஓரங்களில் கொல்லன் அடித்த இரும்புப் பட்டை, வளைந்த மூடி. பாட்டியின் அம்மா முப்பதுகளில் சமையலறை அலமாரிக்கு அடித்த பெயின்ட் மிச்சம் இருந்ததால் பெட்டிக்கும் அடித்துவிட்டாராம். என் மனைவி ஃபோன் டார்ச்சைப் பெட்டியின் முன்பக்கத்தில் நேராகக் காட்டாமல் பக்கவாட்டில் படுக்கவைத்துக் காட்டினாள். பச்சைக்கு அடியில் தூரிகைக் கோடுகள் மேடாக எழுந்து நின்றன. சுருண்டு போகும் இலைகள், நடுவில் எழுத்துகள். முதலில் தெரிந்தது "டாட்டர்". அப்புறம் 1882.

பெட்டிக்குள் ஒரு பாட்டுப் புத்தகம், அதற்குள் மடித்து வைத்த ஒரு கடிதம். அதை யாராலும் படிக்க முடியவில்லை. மொழி மட்டும் பிரச்சினை இல்லை, அந்தக் காலத்துக் கோதிக் கையெழுத்து. தேதிக்கு முன்னால் "வாங்" என்று ஊர்ப்பெயர் இருப்பது மட்டும் தெரிகிறது. நார்வேயில் எனக்குத் தெரிந்தே இரண்டு வாங் இருக்கின்றன. ஒன்று வால்ட்ரெஸ் பள்ளத்தாக்கில், இன்னொன்று ஹெட்மார்க்கில், ஹாமர் பக்கம். பாட்டியின் அனுமதியோடு முதல் பக்கத்தைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் யாரையாவது தெரிந்தால் உதவுங்கள். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

டெமாயின், அயோவா

கடிதம் விஷயத்தில் என்னால் உதவ முடியாது. ஆனால் ஏன் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை என்பதில் ஒரு பகுதி எங்கள் மாநிலத்துக் கதை.

என்னோடு வேலை செய்பவர் வடக்கு அயோவாவில், டெக்கோரா பக்கம் பிறந்தவர். ஒரு நினைவு நாளில் பூ வைக்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சோளக்காட்டு நடுவே வெள்ளை மரத் தேவாலயம், பக்கத்தில் கல்லறைகள். அவருடைய குடும்பம் ஒரே வரிசையில் இருக்கிறது. பழைய கற்களில் "ஃபெட்", "டெட்" என்று நார்வேஜிய மொழியில் பிறப்பும் இறப்பும். கீழே "ஃப்ரெட் மெட் டிட் ஸ்டோவ்". உன் புழுதிக்கு அமைதி என்று அர்த்தமாம். நாலைந்து கல் தள்ளி வந்தால் எல்லாம் ஆங்கிலம். அவற்றில் அந்த வாசகமே இல்லை.

முதல் உலகப் போர் சமயம், 1918 மே 23 அன்று அயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங் ஓர் அறிவிப்பு போட்டார். பள்ளியில், ரயிலில், பொது இடத்தில், தொலைபேசியில், தேவாலய வழிபாட்டில்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது. குறி ஜெர்மன் மொழிதான் என்றாலும் நார்வே, டென்மார்க், செக் ஆட்கள் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். அந்த டிசம்பரிலேயே அதை விலக்கிவிட்டார்கள். ஆனால் பயம் போகவில்லை. அவர் தாத்தா சாகும்வரை மாட்டுத் தொழுவத்தில் மட்டும்தான் நார்வேஜிய மொழி பேசுவாராம், மாடுகளோடு. பிள்ளைகள் உள்ளே வந்தால் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். இதைச் சொல்லும்போது என் நண்பர் குரல் உடைந்துவிட்டது.

அந்தத் தேவாலயத்துக்கு இப்போது ஞாயிற்றுக்கிழமை பதினைந்து பேர் வந்தால் அதிகம். எந்த நேரமும் மூடிவிடுவார்கள் என்கிறார். கற்களையெல்லாம் படமெடுத்து, எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறோம். இன்னும் ஒரு வரிசை பாக்கி.

ஸ்டோட்டன், விஸ்கான்சின்

எங்கள் ஊரில் மே 17 வந்தால் தெருவெல்லாம் நார்வே கொடி. அன்றுதான் 1814-ல் நார்வே தன் அரசியல் சாசனத்தில் கையெழுத்திட்ட நாள். பூனாத் என்ற பாரம்பரிய உடையை உடுத்திக்கொண்டு குழந்தைகள் ஊர்வலம் போவது கண்கொள்ளாக் காட்சி. அதைப் படத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்குப் பிடித்தது நவம்பரில், தேவாலயத்தின் அடித்தளத்தில் நடக்கும் லெஃப்செ வேலை, அதாவது உருளைக்கிழங்கு ரொட்டி சுடுவது.

முதல் வருடம் சும்மா வேடிக்கை பார்க்கப் போனேன். உருளைக்கிழங்கை வேகவைத்து, நம் இடியாப்ப உரல் மாதிரி ஒன்றில் பிழிகிறார்கள். வெண்ணெய், க்ரீம் சேர்த்து இரவு முழுக்கக் குளிரவைத்து, காலையில் மாவு சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடிக்கிறார்கள். "சப்பாத்தி தேய்க்கத் தெரியும்" என்று நான் கட்டையைக் கையில் எடுத்தேன். முதல் மூன்றும் கிழிந்தன. கட்டையில் வரி வரியாகப் பள்ளம் இருக்கிறது, பலகையில் துணி போர்த்தியிருக்கிறது. நாம் அழுத்துகிற மாதிரி அழுத்தக் கூடாது. பக்கத்திலிருந்த பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். கட்டையின் கனம் மட்டும் போதும், கை வேண்டாம். நாலாவது, துணியின் நெசவு தெரியும் அளவுக்கு மெல்லிசாக வந்தது. முழ நீளப் பட்டைக் குச்சியை அடியில் வழுக்கிவிட்டுத் தூக்கி, பெரிய வட்டக் கல்லில் விரித்துப் போடுவார்கள். பழுப்புப் புள்ளி விழுந்ததும் எடுத்து வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்ட வேண்டியதுதான்.

அவர்கள் வைத்திருக்கும் குறிப்பு அட்டையில் மாவுக்கு அளவு இல்லை, "போதுமான அளவு" என்று இருக்கிறது. எழுதியவர் இறந்து முப்பது வருடம் ஆகிறது. போதுமான அளவு எவ்வளவு என்பது அந்தப் பெரியம்மாவின் விரல்களுக்குத்தான் தெரியும். போன வருடம் அவர் கைகளை மட்டும் முழுதாக வீடியோ எடுத்து அவர் பேத்திகளுக்கு அனுப்பினேன். இந்த நவம்பரில் ஒரு பேத்தி விடுப்பு போட்டு வந்து நின்றாள்.

ஸ்டவாங்கர், நார்வே

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. 2025 ஜூலை 4 அன்று எங்கள் துறைமுகத்தில் நானும் பிள்ளைகளும் நின்றோம். 1825-ல் அதே நாளில் இங்கிருந்துதான் ரெஸ்டவ்ராசியோன் என்ற கப்பல் 52 பேரோடு வெளிக்கிட்டது. இருநூறு வருட நினைவாக அதே அளவில் செய்த கப்பல் அன்று மறுபடி நியூயார்க் நோக்கிப் புறப்பட்டது. படத்தில் பார்க்கும்போது விளங்காது. நேரில் பார்த்தால் நெஞ்சு பதறும், அவ்வளவு சின்னது. ஒரு பேருந்தை விடக் கொஞ்சம் நீளம். அதில் 52 பேர் மூன்று மாதத்துக்கு மேல் கடலில் இருந்து, நடுவழியில் ஒரு பிள்ளையும் பிறந்து, அக்டோபர் 9-ல் 53 பேராகப் போய் இறங்கியிருக்கிறார்கள். புதிய கப்பலும் அதே தேதியில் போய்ச் சேர்ந்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற அமெரிக்கப் பெண் ஒருவர் அழுதுகொண்டே கையசைத்தார். அவருடைய ஆட்கள் அந்தக் கப்பலில் வந்தவர்களா என்று கேட்டேன். இல்லை, எந்தக் கப்பல் என்றே தெரியாது, அதனால் இதற்குக் கையசைக்கிறேன் என்றார்.

கடிதத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். கோதிக் கையெழுத்து வாசிப்பார். படத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளை மூக்குக்குக் கிட்ட வைத்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். ஒரு மணி நேரம் ஆனது. தங்கை அக்காவுக்கு 1884 மார்ச்சில் எழுதியது. பனி இன்னும் வேலி உயரம் நிற்கிறது. மாடு கன்று போட்டிருக்கிறது. அப்பா குதிரையோடு ஃபிலேஃபெல் தாண்டி லார்டாலுக்குப் போய்விட்டுத் திரும்பினார். பிறகு ஒரு வரி: அப்பா பூட்டு வைத்துத் தந்த பெட்டி பழுதில்லாமல் வந்து சேர்ந்ததா என்று நீ எழுதவே இல்லை.

ஃபிலேஃபெல் என்று வந்ததும் ஆசிரியர் மேசையில் தட்டினார். வால்ட்ரெஸிலிருந்து லார்டாலுக்குப் போகும் பழைய ராஜபாட்டை அந்த மலையின் மேல்தான். ஹாமர் பக்கத்து ஆளுக்கு அங்கே என்ன வேலை? உங்கள் வாங், வால்ட்ரெஸ் வாங். நார்வே ஆவணக் காப்பகத்தின் டிஜிட்டல்ஆர்கிவெட் தளத்தில் 1875 குடிக்கணக்கு இலவசமாகவே இருக்கிறது. அங்கே தேடுங்கள்.

ரோச்செஸ்டர், மினசோட்டா

அண்ணா, உங்களுக்கும் அந்த ஆசிரியருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கிடைத்துவிட்டது.

பாட்டியும் நானும் அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தேடினோம். 1875 கணக்கில், வாங்கில், ஒரு ஓலே, அவர் மனைவி, 13 வயதில் ஒரு பெண், 6 வயதில் அவள் தங்கை. ஓலேயின் பெயருக்கு எதிரே "ஹுஸ்மன்". அடுத்தவர் பண்ணையில் குடிசையும் துண்டு நிலமும் வாங்கிக்கொண்டு அதற்கு ஈடாக உழைக்கும் குடியானவர். நார்வேயில் விளையும் நிலமே கொஞ்சம், சொந்த நிலம் இல்லாதவர்கள் ஏன் புறப்பட்டார்கள் என்பதற்கு அந்த ஒரு சொல் போதும். பிறகு கிறிஸ்தியானியா (இன்றைய ஆஸ்லோ) போலீசின் குடிபெயர்ந்தோர் பதிவேட்டில், 1882-ல், அதே பெண், வயது 20, சேருமிடம் அமெரிக்கா. 28,000 பேருக்கு மேல் புறப்பட்ட வருடம் அது, நார்வே வரலாற்றிலேயே அதிகம்.

அந்தப் பெண்ணின் பெயரை நான் இங்கே எழுதவில்லை, அது அவர்கள் குடும்பத்துக்கு உரியது. அவள்தான் பாட்டியின் அப்பாயி, அப்பாவின் அம்மா. ஆனால் பாட்டிக்குத் தெரிந்த பெயர் வேறு. அமெரிக்காவில் வாய்க்கு வசதியாக எல்லோரும் கூப்பிட்ட ஆங்கிலப் பெயர். பதிவேட்டில் இருந்த பெயர் திரையில் வந்ததும் பாட்டி ரொம்ப நேரம் பேசவில்லை. அது அவருடைய நடுப்பெயர். பள்ளியில் யாருக்கும் உச்சரிக்க வராமல் கேலி செய்ததால், எழுபது வருடமாக முதல் எழுத்தை மட்டும் போட்டுக் கையெழுத்திட்டு வந்திருக்கிறார். எங்கிருந்து வந்த பெயர் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அப்பாவின் அம்மா பெயரைப் பேத்திக்கு வைப்பது அவர்கள் வழக்கம் என்று ஆசிரியர் சொன்னதைச் சொன்னேன். நம் மொழியில் பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது என்றும் சொன்னேன். "திரும்பச் சொல்" என்று இரண்டு தடவை கேட்டார்.

பச்சை பெயின்ட்டைச் சுரண்டலாமா என்று பழைய மரச்சாமான் வேலை தெரிந்த நண்பரைக் கேட்டோம். தொட வேண்டாம், கீழே இருப்பதும் சேர்ந்து வந்துவிடும் என்றார். பாட்டிக்கும் அது சரியாகப் பட்டது. பச்சை அவருடைய அம்மா அடித்தது. டெக்கோராவில் உள்ள வெஸ்டர்ஹைம் அருங்காட்சியகத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். 1877-ல் தொடங்கியது, நார்வேயிலிருந்து வந்தவர்களின் பொருள்களுக்கென்றே உள்ள இடம். அங்கே இப்படிப்பட்ட பெட்டிகளின் முன்னால், சிவப்பும் நீலமும் மங்காத பூக்களின் முன்னால், ரொம்ப நேரம் நின்றார். தன் பெட்டி பேத்தியிடம்தான் போக வேண்டும் என்று திரும்பும்போது காரில் சொன்னார்.

நேற்று புகைப்படங்களின் பின்னால் பெயர் எழுதி முடித்தோம். மென்மையான பென்சிலில், லேசாக. பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். கடைசியாகப் பெட்டிக்குள் வைக்க ஓர் அட்டை எழுதினார். அப்பாயியின் முழுப்பெயர், ஓல்ஸ்டாட்டர், வாங், வால்ட்ரெஸ், 1882. கீழே தன் கையெழுத்து. முதல் எழுத்தோடு நிறுத்தாமல், நடுப்பெயரை முழுதாக எழுதினார்.