தீ மிதித்த அண்ணன் திரும்பி வந்திருக்கிறார், மறுபடி ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுமா?

பெகுக்காரன்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஒரு வாரமாகச் சரியான தூக்கமில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். என் பெரியப்பா மகன் 2006-ல் ஞானஸ்நானம் எடுத்தவர். எங்கள் சின்னச் சபையில் பாய் விரிப்பது முதல் ஞாயிறு பள்ளி நடத்துவது வரை எல்லாம் அவர்தான். 2021 ஜூலையில் அண்ணிக்குக் கொரோனா வந்து மூச்சுத் திணறல். அந்த மாதம் இங்கே பர்மாவில், யாங்கோனில் ஆக்சிஜனுக்கு ஜனங்கள் எப்படி வரிசையில் நின்றார்கள் என்று இங்கே பலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் காலி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு இரண்டு ராத்திரி அலைந்தார். பெரியம்மா இன்னும் கோயிலுக்குப் போகிறவர், 'மருமகள் பிழைத்தால் என் மகன் தீ மிதிப்பான்' என்று முனீஸ்வரருக்கு நேர்ந்துகொண்டார். அண்ணி பிழைத்தார். அடுத்த திருவிழாவில் அண்ணன் காப்புக் கட்டி, மஞ்சள் வேட்டியோடு பூக்குழி இறங்கினார். அதோடு சபைக்கு வருவதை நிறுத்திவிட்டார். நாங்களும் போய்க் கூப்பிடவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு ராத்திரி வந்து கதவைத் தட்டினார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. 'ஆண்டவர் என்னைச் சேர்த்துக்கொள்வாரா தம்பி' என்று மட்டும் கேட்டார். மறுநாள் சபையில் பேசினால் மூன்று மூப்பர்கள் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபம் 6-ம் அதிகாரத்தின்படி இனி முடியாது என்கிறார் ஒருவர். அவர் முதலிலிருந்தே இரட்சிக்கப்படாதவர் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர், மறுபடி ஞானஸ்நானம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார். நான் அண்ணனிடம் என்ன சொல்வது?

எக்காளம்:
பிரதர், வசனம் தெளிவாக இருக்கிறது. பரம ஈவை ருசிபார்த்து, பரிசுத்த ஆவியைப் பெற்ற பிறகு மறுதலித்துப் போனவர்களை 'மனந்திரும்புதற்கேதுவாய் மறுபடியும் புதுப்பிக்கிறது கூடாதகாரியம்' என்று எழுதியிருக்கிறது. கஷ்டம் என்று எழுதவில்லை, கூடாதகாரியம் என்றே எழுதியிருக்கிறது. ஆதியாகமத்தில் வரும் ஏசாவும் மனம் மாறுதலைக் கண்ணீர் விட்டுத் தேடினான், கிடைக்கவில்லை (எபிரெயர் 12:17). உங்கள் அண்ணன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை சபை, வெள்ளிக்கிழமை கோயில் என்று இரண்டு பக்கமும் நிற்கிறவர்களை நான் வருடக்கணக்காகப் பார்க்கிறேன். 'எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம்' என்று நாம் சொல்லிச் சொல்லித்தான் அவர்கள் அப்படி ஆனார்கள். அதைப் பார்த்த வேதனையில் இதை எழுதுகிறேன்.

கன்மலை:
நான் பாப்டிஸ்ட் குடும்பத்தில் வளர்ந்தவன், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இரட்சிப்பை இழக்க முடியாது. 'நான் அவைகளுக்கு நித்தியஜீவனைக் கொடுக்கிறேன். அவைகள் ஒருக்காலும் கெட்டுப்போவதில்லை' என்று யோவான் 10:28-ல் ஆண்டவரே சொல்கிறார். பதினைந்து வருடத்தில் முடிந்துபோனால் அது நித்தியஜீவன் இல்லையே. அப்படியானால் இரண்டே வழிதான் உண்டு. அண்ணன் உண்மையான பிள்ளை என்றால் விழுந்தபோதும் பிள்ளைதான், இப்போது அப்பாவிடம் திரும்பி வந்திருக்கிறார். இல்லை என்றால் 2006-ல் நடந்தது தண்ணீரில் நனைந்தது மட்டும்தான், 1 யோவான் 2:19 சொல்கிறபடி 'அவர்கள் நம்முடையவர்களாயிருக்கவில்லை'. இழந்தார், பிறகு திரும்பப் பெற்றார் என்ற மூன்றாவது வழி வேதத்தில் இல்லை.

எக்காளம் ஐயாவுக்கு ஒன்று. அதே அதிகாரத்தில் 9-ம் வசனத்தையும் படியுங்கள். 'நாங்கள் இப்படிச் சொன்னாலும், இரட்சிப்புக்குரிய காரியங்கள் உங்களிடத்தில் உண்டு என்று நம்பியிருக்கிறோம்' என்ற பொருளில்தான் எழுதுகிறார். விசுவாசிகளை எச்சரித்து நிறுத்துவதற்காகச் சொன்னதை, விழுந்தவன் தலையில் போடும் தீர்ப்பாக மாற்றிவிடக் கூடாது.

ஒலிவக்கிளை:
கன்மலை அண்ணா, உங்களை மதிக்கிறேன், ஆனால் உங்கள் இரண்டாவது வழி எனக்குப் பயமாக இருக்கிறது. பதினைந்து வருடம் ஜெபித்தவர், பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக் கொடுத்தவர், அண்ணியின் படுக்கை பக்கத்தில் இயேசுவின் பெயரைச் சொல்லி அழுதவர். ஒரு நாள் விழுந்ததும் 'நீ முதலிலிருந்தே இல்லை' என்று சொல்லிவிட்டால், இன்றைக்கு நிற்கிற நானும் நீங்களும் நாளைக்கு விழ மாட்டோம் என்று எதைப் பிடித்துக்கொண்டு சொல்வது? இழக்க முடியாது என்ற போதனை நிச்சயத்தைக் கொடுக்கிறது என்பீர்கள். ஆனால் முடிவு வரை நின்ற பிறகுதான் நான் உண்மையானவன் என்று தெரியும் என்றால், அந்த நிச்சயம் சாகும்வரை என் கைக்கு வராது.

ரோமர் 11-ல் பவுல் ஒலிவமரத்தை வைத்துப் பேசுகிறார். நீ விசுவாசத்தால் நிற்கிறாய், பெருமை கொள்ளாதே, நிலைத்திராவிட்டால் நீயும் வெட்டுண்டு போவாய் என்கிறார். அடுத்த வசனத்திலேயே, வெட்டப்பட்டவர்கள் அவிசுவாசத்தில் நிலைத்திராதிருந்தால் அவர்களையும் 'மறுபடியும் ஒட்டவைக்கிறதற்கு தேவன் வல்லவராயிருக்கிறார்' என்கிறார். வெட்டுவதும் ஒட்டுவதும் இரண்டுமே அங்கே இருக்கின்றன. அது யூதர்களையும் புறஜாதிகளையும் பற்றிப் பேசுகிற இடம், எனக்குத் தெரியும். ஆனால் 'நீ' என்று ஒருமையில் எச்சரிக்கிறாரே, அந்த எச்சரிக்கை வேறு யாருக்கு?

வீட்டைவிட்டுப் போய்த் திரும்பி வந்த மகனைப் பற்றி இயேசு சொன்ன காணாமற்போன குமாரன் கதையில் அப்பா என்ன சொல்கிறார்? 'மரித்தான், திரும்பவும் உயிர்த்தான்' என்கிறார். மரித்த மாதிரி இருந்தான் என்று சொல்லவில்லை.

கன்மலை:
தங்கச்சி, அந்தக் கதையிலேயே பாருங்கள், அவன் பன்றிகளோடு இருந்தபோதும் 'என் தகப்பன்' என்றுதான் நினைத்தான். மகன் என்ற உறவு அற்றுப்போயிருந்தால் எந்த வீட்டுக்குத் திரும்புவான்?

இன்னொன்று. எங்கள் பக்கத்தார் 'இழக்க முடியாது' என்றால் 'பாவம் செய்தாலும் பரவாயில்லை' என்று அர்த்தம் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. 1618-19-ல் ஹாலந்தின் டோர்ட் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம்தான் இந்த உபதேசத்தை நன்றாக எழுதி வைத்தது. அதே சங்கம் தாவீதையும் பேதுருவையும் பெயர் சொல்லிக் காட்டி, பரிசுத்தவான்களும் பெரிய பாவத்தில் விழுவார்கள், மனசாட்சியைக் காயப்படுத்திக்கொள்வார்கள், கொஞ்சக் காலம் தேவ தயவின் உணர்வையே இழந்துபோவார்கள் என்று ஒப்புக்கொள்கிறது. தாவீது 51-ம் சங்கீதத்தில் எதைத் திரும்பக் கேட்கிறார்? இரட்சணியத்தின் சந்தோஷத்தை. இரட்சணியத்தை இல்லை.

ஜட்சன் ஐயாவையும் நினைத்துப் பாருங்கள், அமெரிக்காவிலிருந்து மிஷனரியாக வந்து நம் மண்ணில் உழைத்தவர். 1813-ல் ரங்கூனில் இறங்கினார், முதல் ஞானஸ்நானம் கொடுக்க 1819 வரை காத்திருந்தார். 1826-ல் மனைவி ஆன் போனார், ஆறு மாதத்தில் குழந்தையும் போனது. அதற்குப் பிறகு மோல்மேனில் காட்டுக்குள் குடிசை போட்டுக்கொண்டு, தனக்கே ஒரு குழி வெட்டி, அதன் ஓரத்தில் போய் உட்கார்ந்திருந்தார். தேவனை நம்புகிறேன், ஆனால் அவரைக் காணவில்லை என்று கடிதத்தில் எழுதினார். அந்த நாட்களில் அவர் இரட்சிப்பை இழந்திருந்தாரா? 1834-ல் பர்மிய வேதாகமத்தை முடித்தது அந்த மனிதர்தான்.

ஒலிவக்கிளை:
ஜட்சன் ஐயா கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் அவர் இருளில் உட்கார்ந்து ஆண்டவரைத் தேடினார், வேறொரு வாசலுக்குப் போகவில்லை. பெகுக்காரன் அண்ணனுடைய அண்ணன் போனார். இரண்டையும் ஒன்று என்று சொன்னால் அவர் செய்ததை நாம் லேசாக்கிவிடுகிறோம். அவர் இன்றைக்கு அழுவதற்கும் அர்த்தமில்லாமல் போய்விடும். ஒன்றும் இழக்கவில்லை என்றால் ஏன் ராத்திரியில் வந்து கதவைத் தட்டினார்?

எக்காளம்:
இதைத்தான் நானும் சொல்கிறேன், இழந்தார். ஆனால் சகோதரி, எபிரெயர் 6-க்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஒலிவக்கிளை:
சொல்கிறேன் ஐயா. அதே வசனத்தில் காரணமும் இருக்கிறது. தேவனுடைய குமாரனைத் தாங்களே மறுபடியும் சிலுவையில் அறைந்து 'அவமானப்படுத்துகிறபடியால்' என்று நம் வேதாகமத்தில் இருக்கிறது. 'அவமானப்படுத்தினபடியால்' என்று இல்லை. கிரேக்கத்திலும் அது நடந்துகொண்டிருக்கிற செயலைக் காட்டும் வடிவம்தான். அறைந்துகொண்டே இருக்கிறவனைப் புதுப்பிக்க முடியாது, அது சரி. சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு வாசலில் நிற்கிறவனைப் பற்றி அந்த வசனம் பேசவில்லை. ஏசா இழந்தது மூத்த மகனுக்குரிய சேஷ்டபுத்திர பாகமும் ஆசீர்வாதமும். அவன் அந்த ஆசீர்வாதத்துக்காகத்தான் அழுதான், செய்த தப்புக்காக அழவில்லை.

அந்திமழை:
நான் அதிகம் எழுதுகிறவள் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி எங்கள் வீட்டிலேயே இருந்தது.

1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அடையாள அட்டை வாங்குவது நம் ஆட்களுக்கு எவ்வளவு பாடு என்று தெரியும். அட்டையில் இனம், மதம் இரண்டும் இருக்கும். 'பௌத்தம் என்று போட்டால் சீக்கிரம் வரும்' என்று ஒரு தரகர் சொன்னார். நாங்கள் ஐந்து பிள்ளைகள், அப்பா தலையாட்டிவிட்டார். அட்டை வந்தது. அதற்குப் பிறகு அப்பா ஒரு ஞாயிறுகூட சபைக்குத் தவறவில்லை, ஆனால் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து நேரம் வந்தால் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொள்வார். பதினோரு வருடம். நான் சின்னப் பெண், அப்பா ஏன் போகிறார் என்று அம்மாவைக் கேட்டால், 'அப்பாவுக்கு உள்ளே புழுக்கம்' என்பார்.

பின்னால் சபைச் சரித்திரம் படித்தபோது அப்படியே அப்பாவைப் பார்த்தேன். 250-ம் வருஷம் ரோமப் பேரரசன் தேக்கியு, எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றுச்சீட்டு வாங்க வேண்டும் என்று கட்டளை போட்டான். அந்தச் சீட்டுகளில் 40-க்கும் மேல் எகிப்தில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன. சில கிறிஸ்தவர்கள் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சீட்டு மட்டும் வாங்கினார்கள். உபத்திரவம் ஓய்ந்ததும் அவர்களில் பலர் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். ரோமில் நோவாத்தியான் என்ற குருவானவர், அவர்களைச் சேர்க்க முடியாது என்றார். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் ஆயராக இருந்த சிப்பிரியான் 251-ல் மற்ற ஆயர்களைக் கூட்டிப் பேசி, சீட்டு மட்டும் வாங்கினவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்க்கலாம், பலியிட்டவர்கள் மனந்திரும்பிக் காத்திருக்க வேண்டும், சாகும் தறுவாயில் அவர்களுக்கும் சமாதானம் கொடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள். அடுத்த உபத்திரவம் வரும்போலத் தெரிந்ததும், காத்திருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள், வெறுங்கையோடு அவர்களைப் போருக்கு அனுப்பக் கூடாது என்று. அந்தச் சிப்பிரியானும் 258-ல் இரத்தசாட்சியாக மரித்தார்.

பெகுக்காரன் தம்பி, உங்கள் மூன்றாவது மூப்பருக்கு இதைச் சொல்லுங்கள். வேறு கூட்டத்தாரிடம் ஞானஸ்நானம் எடுத்து வந்தவர்களுக்கு மறுபடி கொடுத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் சிப்பிரியான். அவரே, சபையில் ஞானஸ்நானம் பெற்று வெளியே போய்த் திரும்பினவர்களுக்குக் கை வைத்து ஜெபித்தால் போதும் என்றார். மறுபடி தண்ணீர் வேண்டாம்.

எங்கள் அப்பாவுக்குக் கடைசியில் ஊழியர் வீட்டுக்கே வந்து, படுக்கையில் திருவிருந்து கொடுத்தார். அப்பா வாங்க மாட்டேன் என்று தலையை அந்தப் பக்கம் திருப்பினார். ஊழியர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, பேதுரு மறுதலித்ததையும் ஆண்டவர் கரையில் அவனுக்கு மீன் சுட்டு வைத்ததையும் வாசித்தார். பிறகுதான் அப்பா வாயைத் திறந்தார். அவர் இழந்தாரா, இழக்கவில்லையா, எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் பதினோரு வருடம் யாராவது அந்த மரத்தடிக்குப் போய் அவரைக் கூப்பிட்டிருக்கலாம்.

கன்மலை:
அக்கா, படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. உங்கள் அப்பா ஒருநாளும் ஆண்டவர் கையிலிருந்து விழவில்லை என்றுதான் நான் நம்புகிறேன், அந்த வேப்பமரத்தடியிலும்கூட. ஒலிவக்கிளை தங்கச்சி சொன்னதில் ஒன்றை ஏற்றுக்கொள்கிறேன். 'முதலிலிருந்தே இல்லை' என்பது ஆண்டவர் மட்டும் சொல்லக் கூடியது. திரும்பி வந்து நிற்கிறவனிடம் மூப்பர் அதைச் சொல்ல எந்த அதிகாரமும் இல்லை. உபதேசத்தில் நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன்.

ஒலிவக்கிளை:
நானும்தான் அண்ணா.

எக்காளம்:
கதவை மூடச் சொன்னது போல என் முதல் பதிவு இருந்தால் மன்னியுங்கள். இருந்தாலும் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும், பெகுக்காரன் பிரதர். அந்தக் காப்பும் மஞ்சள் துணியும் இன்னும் வீட்டில் இருக்கிறதா? பெரியம்மா அடுத்த நேர்த்தி ஏதாவது வைத்திருக்கிறாரா? சிப்பிரியானும் விசாரித்துத்தானே சேர்த்தார். விசாரிக்காமல் சேர்த்தால் அடுத்த காய்ச்சலில் அவர் மறுபடி அங்கேதான் போவார், அப்போது நாம்தான் பொறுப்பு.

பெகுக்காரன்:
நியாயமான கேள்வி ஐயா. நேற்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன், நான்கு வருடத்தில் முதல் தடவை. அண்ணிதான் டீ போட்டுக் கொடுத்தார். காப்பை அவர் அன்றைக்கே ஆற்றில் விட்டுவிட்டாராம். பெரியம்மா மேல் அவருக்குக் கோபம் இல்லை. 'அம்மா பயத்தில் நேர்ந்தது, நான் பயத்தில் மிதித்தது' என்றார். அந்த இரண்டு ராத்திரியும் சபையிலிருந்து யாரும் ஃபோன்கூடப் பண்ணவில்லை என்றும் சொன்னார். ஊரெல்லாம் காய்ச்சல், எல்லாரும் பயந்துபோய் வீட்டுக்குள் இருந்தோம் என்று வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை.

மறுஞானஸ்நானம் வேண்டாம் என்று இரண்டு மூப்பர்கள் சம்மதித்துவிட்டார்கள். எபிரெயர் 6 சொன்னவர் இன்னும் யோசிக்கிறேன் என்கிறார். அவரிடம் 'அவமானப்படுத்துகிறபடியால்' என்ற சொல்லைக் காட்டினேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தடவை வாசித்தார். இந்த ஞாயிறு அண்ணன் வருகிறார். பாய் விரிக்க முன்னாடியே வந்துவிடட்டுமா என்று கேட்டார், வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.