வஹாக்கால வாங்குன மர ஆர்மடில்லோல இருந்து மாவு கொட்டுது, இது ஒரிஜினல்தானா?

பல்லிமிட்டாய்:
வணக்கம் மக்களே. போன டிசம்பர்ல மெக்ஸிகோ போயிருந்தோம், வஹாக்கா டவுன்ல ஒரு கடையில என் பொண்ணு அடம்பிடிச்சு ஒரு மர ஆர்மடில்லோ (உடம்புல ஓடு போட்ட மிருகம்) வாங்குனா. (ஸ்பெல்லிங்க பாத்துட்டு ரெண்டு நாளா ஒக்ஸாகா ஒக்ஸாகான்னு கேட்டுட்டு திரிஞ்சேன், ஒருத்தருக்கும் புரியல.) உள்ளங்கை சைஸ்தான், உடம்பு பூரா ஊசிமுனைப் புள்ளி, காதும் வாலும் தனித்தனியா கழட்டி மாட்டலாம். 1400 பெசோ. கடைக்காரர் இது அலெப்ரிஹே (கலர் கலரா இருக்கிற கற்பனை மிருகப் பொம்மை), ரெண்டாயிரம் வருஷப் பாரம்பரியம், அந்தப் பக்கத்துப் பூர்வகுடி ஸாபொடெக் ஜனங்க காலங்காலமா வீட்டுக்குக் காவலா வச்சிருந்ததுன்னு ஒரே அடியா அடிச்சு விட்டார். கோகோன்னு ஒரு கார்ட்டூன் படம் பாத்ததுல இருந்து பொண்ணுக்கும் இதுமேல பைத்தியம், அதனால மறுபேச்சு பேசல.

இப்ப ரெண்டு விஷயம். ஒண்ணு, ஷெல்ஃப்ல வச்ச எடத்துல அது வயித்துக்குக் கீழ தெனமும் துளியூண்டு வெளுத்த மாவு கெடக்கு, தொடச்சா மறுநாள் மறுபடி. ரெண்டு, ஆபீஸ்ல கூட வேலை பாக்குற மெக்ஸிகோ சிட்டிக்காரர் போட்டோவ பாத்துட்டு "அலெப்ரிஹேன்னா காகிதத்துல செய்றதுப்பா, மரத்துல இல்ல"ன்னு சிரிக்கிறார். நல்லா ஏமாந்துட்டேனோ?

உளிச்சத்தம்:
பொருள் ஒரிஜினலாதான் இருக்கும், கதைதான் டூப்ளிகேட்டு.

உங்க ஆபீஸ்காரர் சொல்றது சரி. அந்தப் பேரு வந்தது பெத்ரோ லினாரெஸ்னு மெக்ஸிகோ சிட்டிக்காரர் ஒருத்தர்கிட்ட இருந்து, அவர் காகிதக்கூழ்ல பொம்மை செய்றவர், ஈஸ்டருக்கு மொத நாள் சனிக்கிழமை கொளுத்துற யூதாஸ் பொம்மை, பின்யாத்தா (உள்ள மிட்டாய் வச்சு அடிச்சு ஒடைக்கிற பொம்மை) இதெல்லாம்தான் பொழப்பு. 1936ல காய்ச்சல்ல நெனவு தப்பிக் கெடந்தப்ப ஒரு கனவு, காட்டுக்குள்ள றெக்கை வச்ச கழுதை, கொம்பு மொளச்ச சேவல், கழுகுத் தலையோட சிங்கம் எல்லாம் சேந்துக்கிட்டு "அலெப்ரிஹேஸ்! அலெப்ரிஹேஸ்!"னு கத்துச்சாம். எந்திரிச்சதும் பாத்ததையெல்லாம் காகிதத்துல செஞ்சு வச்சார். 1990ல தேசியக் கலை விருதே குடுத்தாங்க, 1992ல காலமாயிட்டார்.

வஹாக்கா பக்கம் இது வேற வழியா வந்துச்சு. மோந்தே அல்பான் இடிபாடு பாக்க போயிருப்பீங்கல்ல, அதோட அடிவாரத்துல அராஸோலான்னு ஒரு ஊரு. அங்க மனுவேல் ஹிமேனெஸ், 1919ல பொறந்தவர், சின்னப் பையனா ஆடு மாடு மேய்ச்சப்ப பொழுது போகாம செதுக்க ஆரம்பிச்சது, விக்கிற அளவுக்கு வந்தது 1950கள்லதான். தொழில ரொம்ப நாள் குடும்பத்த விட்டு வெளிய போக விடலைன்னு சொல்வாங்க. தில்காஹெதேன்னு இன்னொரு ஊருல இசிதோரோ க்ரூஸ், முகமூடி செதுக்குன ஆளு, 60கள் கடைசியில அரசாங்கக் கைவினைக் கொள்முதல் நிலையம் ஒண்ணு இவர் பொறுப்புல வந்ததும் அக்கம்பக்கம் செஞ்சதையெல்லாம் வாங்கிப் போட்டார். 80கள்ல அமெரிக்க வியாபாரிங்க வந்து மூட்டை மூட்டையா அள்ள ஆரம்பிச்சதும் ஊரே கத்தியத் தூக்கிருச்சு (நல்ல அர்த்தத்துலதான்).

அப்பல்லாம் இதுக்குப் பேரு வெறும் மரப்பொம்மை. வாங்க வர்றவங்க அலெப்ரிஹே அலெப்ரிஹேன்னு கேட்டுக் கேட்டு அந்தப் பேரே ஒட்டிக்கிச்சு. ஆக உங்க பொம்மைக்கு வயசு ரெண்டாயிரம் இல்ல, அந்தத் தொழிலுக்கே எழுபது வருஷம் சொச்சம்தான்.

கிளுவைவேலி:
அண்ணா மொத்தமா புதுசுன்னு சொல்லிட்டா எப்படி. பளபள பெயிண்ட் அடிச்ச மிருகம் புதுசு, மரம் செதுக்குறது புதுசா என்ன? மாலினால்கோ மத்தளத்த பாத்திருக்கீங்களா, அஸ்டெக் காலத்தது, நின்னவாக்குல இருக்கிற ஒத்த மரத்துல குடைஞ்சது, சுத்திவர கழுகும் சிறுத்தையும் ஆடுற மாதிரி செதுக்கி இருக்கும், இப்ப தொலூக்கா மியூசியத்துல இருக்கு. ஸ்பெயின்காரன் வந்தப்புறம் அதே கைங்கதான் சர்ச்சுக்கு சாமி சொரூபமும் தங்கத்தாள் ஒட்டின பீடமும் செஞ்சு குடுத்துச்சு, தாஸ்கோல சாந்தா பிரிஸ்கா சர்ச், 1758ல கட்டி முடிச்சது, உள்ள போனா கண்ணு கூசும். திருவிழா ஆட்டத்துக்கு முகமூடி செதுக்குறது நடுவுல எப்பவும் நிக்கல, க்ரூஸே முகமூடிக்காரர்தான்னு நீங்களே சொல்றீங்க. கை பழசு, சரக்குதான் புதுசு.

அப்புறம் பல்லிமிட்டாய் மேடம், உங்க ஆர்மடில்லோ கோப்பால் மரமாத்தான் இருக்கணும். அதோட பிசினத்தான் அங்க ஸ்பெயின்காரன் வர்றதுக்கு முன்னாடியிருந்தே சாமிக்குப் புகை போடுறாங்க. நம்மூர்ல வேலிக்கு நடுற கிளுவை இருக்குல்ல, அதுவும் கோப்பாலும் ஒரே குடும்பம், எங்க தோட்டத்துல கிளுவைக் கொப்ப ஒடிச்சா வர்ற வாசத்த வச்சே எனக்கு இது மேல ஒரு இது.

வெட்டுன பச்சை மரத்துல வேலை ஈஸி, மச்செத்தேன்னு அவங்க அரிவாள வச்சு சீவி உருவம் வரவச்சுட்டு அப்புறம் கத்திதான், மெஷின் கெடையாது. பெரும்பாலும் ஆம்பளைங்க செதுக்க வீட்டுப் பொம்பளைங்க பெயிண்ட் அடிப்பாங்க, ஆனா கீழ கையெழுத்து ரொம்ப நாளா ஆம்பளை பேருல மட்டும், இப்பதான் மாறுது. முன்னாடி அனிலின் சாயம், அது வெயில்ல வெளுத்துப் போகுதுன்னு 80கள்ல அக்ரிலிக்குக்கு மாறுனாங்க. தில்காஹெதேல ஹகோபோ, மரியா ஆன்ஹெலெஸ்னு ஒரு தம்பதி பட்டறை இருக்கு, கோப்பால் பட்டைப் பொடிய உள்ளங்கையில வச்சு எலுமிச்சை பிழிஞ்சா ஒரு கலர், சுண்ணாம்பு சேத்தா இன்னொண்ணு, கொச்சினீல் பூச்சிச் செகப்புலயும் இதே வித்தை. மஞ்சளும் சுண்ணாம்பும் ஆலம் கரைச்சுப் பழகுன நமக்கு அது ஒண்ணும் அதிசயமா இருக்காது. ஊர்ப்பக்கம் இருந்த மரத்தையெல்லாம் வெட்டித் தீத்து தூரத்து மலையில இருந்து வாங்க வேண்டியதாயிட்டதால அவங்களே கோப்பால் கன்னு நடுறாங்க.

மரக்கடைப்பேரன்:
எல்லாரும் வரலாறு பேசுறீங்க, பாவம் அவங்க கேட்டது மாவு.

அது உளு. மரத்துக்குள்ள வண்டுப் புழு இருக்கு, கோப்பால் மெத்துன்னு இருக்கிறதால அதுக்குக் கொண்டாட்டம். நல்ல பட்டறைங்க பூச்சி மருந்துல ஊறப்போடுவாங்க, இல்ல ஓவன்ல சூடு காட்டுவாங்க, இல்ல ஃப்ரீஸர். அவசரத்துல வித்தது தப்பிச்சு வந்திருக்கும். அடியில குண்டூசித் தலை சைஸ்ல ஓட்டை இருக்கான்னு பாருங்க. காது வால கழட்டி, எல்லாத்தையும் ரெண்டு பாலித்தீன் கவர்ல காத்து இல்லாம கட்டி ரெண்டு வாரம் ஃப்ரீஸர்ல வைங்க. எடுத்ததும் கவர பிரிக்காதீங்க, ஒரு நாள் வெளிய அப்படியே கெடக்கட்டும், இல்லன்னா தண்ணி வேர்த்து பெயிண்ட் உரிஞ்சிரும், ஜில்லுன்னு இருக்கும்போது கீழ போட்டாலும் பெயிண்ட் தெறிச்சிரும். ஓவன்ல வச்சுப் பாக்கலாமேன்னு மட்டும் நெனைக்காதீங்க, வெடிப்பு விட்ரும்.

இன்னொண்ணு, காதும் வாலும் கழண்டு வர்றது நல்ல அறிகுறி. பெட்டியில ஒடையாம போகணும்னே அப்படி தனியா செஞ்சு சொருகுவாங்க. அந்தத் தொளையில பாருங்க, பெயிண்ட் படாத எடத்துல மரரேகை தெரிஞ்சா சரி. ரெசின்ல வார்த்ததுன்னா வழுவழுன்னு இருக்கும், கனமும் கூட.

உளிச்சத்தம்:
கிளுவைவேலி சொன்னது ஒத்துக்கிறேன், "தொழில்"னு நான் சொன்னது கலர் மிருகத்த மட்டும்.

ஆனா புதுசுன்னா கொறச்சல்னு நான் சொல்லல. மெக்ஸிகோவோட வடமேற்குல சொனோரா பாலைவனத்துல செரிங்கிற பூர்வகுடி ஜனங்க செய்ற இரும்பு மரச் சிற்பமும் அப்படித்தான், ஹொசே அஸ்தோர்காங்கிறவர் 1960கள்ல ஆரம்பிச்சு வச்சது. பெயிண்டே இல்ல, திமிங்கிலம், ஆமை, பறவைன்னு வழவழன்னு தேச்சு மெழுகு போட்டது, அந்த மரம் தண்ணியில போட்டா முங்கிரும். அது விக்குதுன்னு தெரிஞ்சதும் பக்கத்து ஊர்க்காரங்க மெஷின் வச்சு அறுத்துத் தள்ளிட்டாங்க, மரமும் அருகிப் போச்சு, ஆரம்பிச்சவங்க பாதிப் பேரு கல்லுக்கு மாறிட்டாங்க. அத நெனைச்சாத்தான் எனக்கு வயித்தெரிச்சல்.

பல்லிமிட்டாய்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. காத கழட்டிப் பாத்தேன், தொளைக்குள்ள மரரேகை இருக்கு, வயித்துல ரெண்டு குட்டி ஓட்டையும் இருக்கு. படத்துல வர்ற மாதிரி காவல் மிருகம்லாம் ஸாபொடெக் வழக்கமான்னு பொண்ணு கேக்கச் சொல்றா.

கிளுவைவேலி:
பொறக்கும்போதே ஒவ்வொருத்தருக்கும் ஒரு மிருகத் துணை உண்டுங்கிற நம்பிக்கை அங்க நெஜமாவே இருக்கு, தோனான்னு சொல்வாங்க, ஆன்ஹெலெஸ் பட்டறைகூட அத வச்சுத்தான் உருவம் செதுக்குது. செத்தவங்களுக்கு வழிகாட்டுற அலெப்ரிஹேங்கிறது மட்டும் 2017ல அந்தப் படம் கட்டுன கதை. ஆனா பாப்பாகிட்ட இப்பவே சொல்லாதீங்க.

பல்லிமிட்டாய்:
சொல்லிட்டேன். "அப்ப இது என்னோட தோனா"ன்னுட்டா. ஃப்ரீஸர்ல பட்டாணிக்குப் பின்னாடி எடம் பண்ணியாச்சு, கவர் மேல பேரு எழுதி ஒட்டுனாத்தான் உள்ள வைக்க விடுவாளாம்.