கசட்டில இருந்து எடுத்த அரங்கேற்ற வீடியோ: சத்தத்தைச் சுருக்கிறதா, படத்தைத் திருத்துறதா?

வெள்ளவத்தை_வாணி
அக்கான்ர அரங்கேற்றம் 1993இல பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில நடந்தது. அந்த விஎச்எஸ் கசட்டை ஒரு கடையில குடுத்து ஃபைலாக மாத்தினனான். 1 மணி 45 நிமிசம். அலாரிப்பு, ஜதீஸ்வரம் ரெண்டிலயும் ஒரு பிழையும் இல்லை. வர்ணத்தில கால் விழுந்த பிறகுதான் சலங்கை கேக்குது. தில்லானாவுக்கு வரேக்க கிட்டத்தட்ட 0.8 செக்கன் பிந்துது. விஎல்சி எண்ட வீடியோ பிளேயரில ஜே விசையை ஒருக்கா அமத்த 50 மில்லிசெக்கன் முன்னுக்கு வருது. அப்பிடி அமத்தித் தில்லானாவைச் சரியாக்கினால் அலாரிப்பில சத்தம் முந்துது. கடையில கசட்டையே போட்டுப் பாத்தம், அதில பிழை இல்லை. அக்கா அடுத்த மாசம் வாறா. ஆராவது வழி சொல்லுங்கோ.

ஹம்டன்_லேன்
தங்கச்சி, ஜே, கே விசைகள் முழு வீடியோவுக்கும் ஒரே அளவுதான் தள்ளும். புளூடூத் ஸ்பீக்கரில பிந்துற சத்தத்துக்கு அது சரி. உங்கட பிழை போகப்போகக் கூடுற பிழை. கசட்டை ஃபைலாக மாத்தேக்க படத்தைக் கப்சர் கார்ட் ஒரு மணிக்கூட்டில எடுக்கும், சத்தத்தைச் சவுண்ட் கார்ட் தன்ர மணிக்கூட்டில எடுக்கும், ரெண்டும் ஒரே வேகத்தில ஓடாது. 6000 செக்கனில 0.8 செக்கன் எண்டால் 0.013 வீதம். எம்கேவி டூல்நிக்ஸ் எண்ட மென்பொருளில சத்தத் தடத்தைத் தெரிஞ்சு, 'ஸ்ட்ரெச்' பெட்டியில 0.99987 போட்டுச் சேமியுங்கோ. திரும்ப என்கோட் பண்ண (புதுசாச் சுருக்கிப் பதிய) தேவையில்லை, தரம் குறையாது. கலியாண வீடியோக்கள் எத்தினையோ இப்பிடித் திருத்திக் குடுத்திருக்கிறன்.

மிருதங்கப்பித்தன்
இதுக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டன். கலியாண வீடியோவும் அரங்கேற்றமும் ஒண்டில்லை. இதில பாட்டும் மிருதங்கமும்தான் அத்திவாரம், அதில கை வைக்கக் கூடாது. செக்கனுக்கு 24 ஃபிரேமில எடுத்த சினிமாவை செக்கனுக்கு 25 ஃபிரேம் காட்டுற எங்கட 'பால்' (PAL) முறை ரீவீக்காக 25இல ஓட்டி வெளியிட்ட டிவிடிகளைக் கேட்டுப் பாருங்கோ. 2 மணித்தியாலப் படம் 115 நிமிசத்தில முடியும். சுருதி திருத்தாமல் விட்டதில பாட்டு ஒரு சுரத்தானத்தில 0.7 பங்கு ஏறி நிக்கும், பக்கத்தில சுருதிப்பெட்டி வைச்சால் ஒட்டாது. சத்தத்தை விட்டிட்டுப் படத்தை 1.00013ஆல நீட்டுங்கோ.

ஹம்டன்_லேன்
நீங்கள் சொல்லுறது 4 வீதம், நான் சொல்லுறது 0.013 வீதம். ஒரு சுரத்தானத்தை 100 சென்ட் எண்டு பிரிச்சால் இது கால் சென்ட் கூட வராது. எந்த வித்துவான்ர காதுக்கும் பிடிபடாது. பிள்ளையைப் பயப்படுத்தாதேங்கோ.

மிருதங்கப்பித்தன்
கணக்குச் சரி, சுருதி விசயத்தை விடுறன். ஆனால் அந்தப் பெட்டி சத்தத்தை மாத்திறதில்லை, எந்தத் துண்டு எப்ப ஓடவேணும் எண்ட நேரக்குறியைத்தான் மாத்துது. ஓடேக்க பிளேயர்தான் அங்கங்க துண்டு விட்டு ஈடு கட்டும். படத்தை நீட்டினால் ஒரு ஃபிரேம் 40 மில்லிசெக்கனை விட 5 மைக்ரோசெக்கன் கூட நிக்கும், அவ்வளவுதான். பாதிப்பில்லாத வழி இருக்கேக்க மற்றது என்னத்துக்கு?

மருதானை_எடிட்டர்
ரெண்டு பேரும் பிழை சீராகக் கூடுதென்று வைத்துக்கொண்டு சண்டை பிடிக்கிறீங்க. யாராவது அளந்தீங்களா? ஜதீஸ்வரம் வரைக்கும் பிழையே இல்லை என்று வாணி எழுதியிருக்கிறா. மணிக்கூட்டுப் பிழை என்றால் அங்கேயே கொஞ்சமாவது தெரிய வேணும். எனக்குச் சந்தேகம், ஃபிரேம் விழுந்திருக்கு. பழைய கசட்டில் கசங்கின இடத்தில் கப்சர் கார்ட்டுக்குப் படம் பிடிபடாது, அந்த ஃபிரேம்கள் பதியாது. சத்தம் மட்டும் தொடர்ந்து பதியும். பிறகு ஃபைல் 25இல் ஓடும்போது அந்த இடைவெளி மூடிவிடும், படம் முந்தும். 0.8 செக்கன் என்றால் சரியாக 20 ஃபிரேம்.

வாணி, ஒவ்வொரு உருப்படியிலும் ஒரு தீர்மானத்தை, அதாவது ஜதி முடிகிற இடத்தைப் பிடியுங்க. 'ததிங்கிணத்தோம்' என்று முடியும் இடத்தில் அந்தக் கடைசி 'தோம்'. விஎல்சியில் ஈ விசையை அமத்தி ஒவ்வொரு ஃபிரேமாகப் போய், பாதம் தரையில் படுகிற ஃபிரேமைக் குறியுங்க. சத்தத்தை அலையாகக் காட்டுகிற ஓடாசிட்டி மென்பொருளில் அதே 'தோம்' கூராக எழும்பும், அந்த நேரத்தைக் குறியுங்க. இரண்டையும் கழித்தால் பிழை.

வெள்ளவத்தை_வாணி
ராத்திரி முழுக்க இருந்து அளந்தன். அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம் மூண்டும் 0. வர்ணத்தின்ர முதல் தீர்மானம் 360 மில்லிசெக்கன். வர்ணத்தின்ர கடைசியும் பதமும் அதே 360. தில்லானா 800. வர்ணம் தொடங்கி முதல் தீர்மானத்துக்கு முன்னம் ஒரு இடத்தில படம் கோடு கோடாகக் கிழிஞ்சு, அக்கான்ர கை ஒரேயடியா வேற இடத்துக்குத் தாவுது. பதம் முடிஞ்சு கைதட்டுற இடத்திலயும் அப்பிடி.

மருதானை_எடிட்டர்
சீரான சரிவில்லை, படிக்கட்டு! முதல் இடத்தில் 9 ஃபிரேம், இரண்டாவதில் 11. சத்தத்தையோ படத்தையோ சீராக நீட்டியிருந்தால் சரியாக இருந்த அலாரிப்பையும் சப்தத்தையும் நீங்களே பிழையாக்கியிருப்பீங்க.

ஹம்டன்_லேன்
எனக்குப் பிழை, ஒத்துக்கொள்ளுறன். அப்ப அந்த ரெண்டு இடத்திலயும் சத்தத்தில 360, 440 மில்லிசெக்கனை வெட்டி விடலாமே?

மிருதங்கப்பித்தன்
கைதட்டுற இடத்தில வெட்டினால் எனக்கு மறுப்பில்லை. வர்ணத்துக்குள்ள வெட்டாதேங்கோ, கெஞ்சிக் கேக்கிறன். 360 மில்லிசெக்கன் எண்டால் அந்த நடையில கிட்டத்தட்ட ஒரு அட்சரம், தாளத்தில ஒரு எண்ணிக்கை. தாளம் போட்டுக்கொண்டு பாக்கிறவருக்குக் கை அந்தரத்தில நிக்கும். விழுந்தது படம், சத்தம் முழுசா இருக்கு.

மருதானை_எடிட்டர்
வெட்டவே தேவையில்லை. எம்கேவி டூல்நிக்ஸ் படத்தடத்துக்கு நேரக்குறிக் கோப்பு ஒன்றை ஏற்கும், சாதாரண எழுத்துக் கோப்புத்தான். கிழியுறதுக்கு முந்தின ஃபிரேம் 40க்குப் பதிலாக 400 மில்லிசெக்கன் நிற்கட்டும், இரண்டாவது இடத்தில் 480. மற்ற எல்லாம் அப்படியே. ஒரு ஃபிரேம் அங்கே இங்கே போனால் கவலைப்படாதீங்க. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆர்37 பரிந்துரையே சத்தம் 40 மில்லிசெக்கன் முந்தலாம், 60 பிந்தலாம் என்கிறது. மண்டபத்தில் 17 மீட்டர் பின்னால் இருந்தவருக்கு அன்றைக்கே 50 பிந்தித்தான் கேட்டிருக்கும். பிந்துற சத்தத்துக்கு மனுசன் பழகினவன், முந்தினால்தான் உறுத்தும்.

ஹம்டன்_லேன்
கொம்பியூட்டரில பாக்க அது நல்ல வழி. அம்மா அப்பாவுக்கு டிவிடி அடிக்கிறதெண்டால் 25 மாறாமல் இருக்கவேணும், அப்ப முதல் இடத்து ஃபிரேமை 9 தரமும் மற்றதை 11 தரமும் திருப்பி வைச்சு என்கோட் பண்ணத்தான் வேணும். என்னைக் கேட்டால், கசட்டில இருந்து குழம்பி வாற படத்தைச் சீராக்குற டைம் பேஸ் கரெக்டர் கருவி வைச்சிருக்கிற இடத்தில திரும்பக் கப்சர் பண்ணுங்கோ. அந்த 20 ஃபிரேமும் கசட்டிலதான் இருக்கு.

வெள்ளவத்தை_வாணி
கசட்டின்ர விளிம்பில வெள்ளையாப் பூஞ்சணம் பிடிச்சிருக்கு அண்ணா. கடற்கரைப் பக்கத்து வீடு, அலுமாரிக்குள்ள 30 வருசம் கிடந்தது.

மருதானை_எடிட்டர்
அப்படியென்றால் இப்போதைக்கு ஓட்டவே வேண்டாம். பூஞ்சணம் கசட் ஓட்டுற டெக்கின் ஹெட்டில் ஒட்டும், நாடா இழுபட்டு அறுந்தும் போகலாம். இருக்கிற ஃபைலை வைத்துத் திருத்துங்க.

ஹம்டன்_லேன்
ஓட்டச் சொல்லேல்லை, துப்பரவாக்கி ஓட்டச் சொல்லுறன். பூஞ்சணம் தானாக நிக்காது, வருசா வருசம் பரவும். இப்ப விட்டால் பிறகு எடுக்க ஒண்டும் மிஞ்சாது. இதில நான் மாற மாட்டன்.

வெள்ளவத்தை_வாணி
நேரக்குறிக் கோப்புப் போட்டன். பழைய ஃபைலையும் அப்பிடியே வைச்சிருக்கிறன். வர்ணத்தில அக்கா அரை செக்கனுக்கும் குறைய அசையாமல் நிக்கிறா, பிறகு 'தோம்'முக்குக் கால் சரியா விழுது. தில்லானாவும் அப்பிடியே. நட்டுவாங்கம் செய்த ரீச்சர் இப்ப இல்லை, அவவின்ர குரல் எங்களிட்ட இந்த ஒரு கசட்டிலதான் இருக்கு. அதால ஹம்டன் அண்ணா சொன்னதையும் விட மனமில்லை. பூஞ்சணம் எடுக்கத் தெரிஞ்ச ஆராவது கொழும்புக்குள்ள இருந்தால் தனிமடலில சொல்லுங்கோ.