அடிவழி மூட்டுவாதம், ஒப்புவிலங்கு: இரண்டு சொல் யோசனைகள்

நண்பர்களுக்கு வணக்கம்.

மூட்டில் அடிபட்டு ஆறிய பிறகு, பின்னாளில் அங்கேயே வரும் மூட்டு நோய்க்கு (post-traumatic osteoarthritis) தமிழ்ச் சொல்லாக ஐயா நேற்று எழுதிய ‘அதிர்ச்சிக்குப் பிந்தைய மூட்டழற்சி’ எனக்கு ஒட்டவில்லை. அதிர்ச்சி என்றால் சேலத்தில் யாரும் மனசைத்தான் நினைப்பார்கள். என் அக்கா மகன் ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் பைக்கோடு சரிந்தான். முழங்கால் ஜவ்வு கிழிந்தது, ஆறியது. இப்போது 35 வயதில் படி இறங்கினால் வலி. அவனுக்குப் பட்டது அடி. ஆகவே ‘அடிவழி’ என்று தொடங்கலாம்.

சொல்லின் பின்பாதிக்கு முதலில் ‘தேய்வு’ என்றுதான் எழுதியிருந்தேன். அது வயதானால் தானாக வருவது போல இருக்கிறதே என்று அம்மா கேட்டது சரிதான். 1973இல் பாண்ட், நுகி என்ற ஆய்வாளர்கள் இருவரும் நாயின் முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் முன்பக்க ஜவ்வை வெட்டிவிட்டுக் கவனித்தார்கள். சில மாதங்களிலேயே குருத்தெலும்பு சிதைந்தது, ஓரங்களில் புது எலும்பு முளைத்தது. வயது அங்கே காரணமில்லை, மூட்டு நிலைகுலைந்ததுதான் காரணம். அதனால் ‘அடிவழி மூட்டுவாதம்’. மூட்டுகளைத் தாக்கும் இன்னொரு நோயின் பெயரான ‘முடக்குவாதம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் பக்கத்தில் பொருந்தி உட்காரும்.

‘குருத்தெலும்பு’ இருக்கட்டும். வாழைக்குருத்தை வெட்டினால் மறுபடி வரும்; இரத்தக் குழாயே இல்லாத இந்தக் குருத்து ஒழுங்காக வளர்வதில்லை. பெயர் கொஞ்சம் ஏமாற்றுகிறது, ஆனாலும் ஊன்றிய சொல்லைப் பிடுங்க வேண்டாம்.

எனக்கு உண்மையான சிக்கல் ‘விலங்கு மாதிரி’ (animal model), அதாவது மனித நோயை ஆராய அதே நோயை வரவழைத்துப் பார்க்கும் விலங்கு. ‘ஆய்வாளர்கள் விலங்கு மாதிரி பயன்படுத்தினர்’ என்று படித்துவிட்டு வீட்டில் சிரித்தார்கள். இரத்த மாதிரியும் மாதிரிதான். ‘சுண்டெலி மாதிரியிலிருந்து எடுத்த குருத்தெலும்பு மாதிரி’ என்று எழுத நேர்ந்தால் என்ன செய்வது? ‘ஒப்புவிலங்கு’ என்கிறேன். மனிதருக்கு ஒப்பிடத்தான் ஆகும், ஈடு இல்லை என்பதும் அதில் வந்துவிடுகிறது. மனித முழங்காலில் 2 மில்லிமீட்டருக்கு மேலும் இருக்கும் குருத்தெலும்பு, சுண்டெலியில் சில செல் அடுக்குகள்தான். குதிரையுடையது நம்முடையதற்கு நெருங்கி வரும். ஆனால் குதிரையை வைத்துத் தீனி போடுவது யார்?

அப்புறம், சுண்டெலிச் சோதனையில் அடிக்கடி தளர்த்திவிடுவது மூட்டுக்குள் இருக்கும் பிறை வடிவத் திண்டை (meniscus). ஆஸ்பத்திரியில் அதையும் ஜவ்வு என்றே சொல்லிவிடுகிறார்கள். ‘பிறைக்குருத்து’ எனலாமா? உடலியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.