நான்கு வரியில் ஒரு படத்தைத் தீர்த்துவிடலாமா?

இரணைமடுவான்:
சென்ற ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை என் மடியில் கிடக்கிறது. கிளிநொச்சிப் பிள்ளைகள் ஐந்து பேர் எடுத்த 22 நிமிடக் குறும்படத்துக்கு அதில் நான்கு வரி விமர்சனம் வந்திருக்கிறது. ஐவரில் ஒருவன் என் அக்கா மகன். கமரா இரவல், ஒலிவாங்கி இரவல், படப்பிடிப்பு நாள்களில் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து போனது. "நடிப்பு இல்லை, வசனம் செயற்கை, படித்துவிட்டு வரட்டும்" என்பதுதான் தீர்ப்பு. அதே பக்கத்தில் சென்னையிலிருந்து வந்த படத்துக்கு அரைப் பக்கப் புகழ்ச்சி. விதைத்த மறுநாளே வயலைக் கிளறிப் பார்த்து முளைக்கவில்லை என்று சொல்பவருக்கு வயலைப் பற்றி என்ன தெரியும்?

மாங்குளத்தாள்:
அண்ணை, உங்கள் கோபம் விளங்குகிறது. ஆனால் புகழ்ச்சியால் மட்டும் எங்களுக்கு என்ன கிடைத்தது? 2002இல் 'கன்னத்தில் முத்தமிட்டால்' வந்தது. கதை தொடங்குவதே எங்கள் மாங்குளத்தில். ஆறு தேசிய விருதுகள் கிடைத்தன. இசைக்கும் படத்தொகுப்புக்கும் கிடைத்ததில் எனக்கு மறுப்பே இல்லை. நாங்கள் அப்போது இடம்பெயர்ந்து வவுனியாவில் இருந்தோம். திரையில் ஊரின் பெயரைக் கேட்டதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். சிறிது நேரத்தில், "இது எந்த மாங்குளம் பிள்ளை?" என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்வியை நான் வாசித்த ஒரு விமர்சகரும் கேட்கவில்லை. எல்லோரும் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். உங்கள் நான்கு வரிக்காரர் கடுமையானவர்தான். ஆனாலும் படத்தைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்.

இரணைமடுவான்:
பார்த்தாரா? கதை என்னவென்று ஒரு சொல் உண்டா? பார்த்தவர் என்றால் எந்தக் காட்சி பிழை என்று சொல்லட்டும். போரில் வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் இழந்து, கூடாரத்தில் படித்த பிள்ளைகள் இவர்கள். அதையும் சேர்த்துத்தான் நிறுக்க வேண்டும்.

ஒட்டுசுட்டான் வாத்தியார்:
அதைச் சேர்த்து நிறுக்கக் கூடாது, தம்பி. முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவன் சொல்கிறேன். இரக்கப்பட்டுப் போட்ட புள்ளியை மாணவன் கண்டுபிடித்துவிடுவான். அதன்பிறகு நான் மனதாரப் போடும் புள்ளியையும் நம்ப மாட்டான்.

ஆனந்த விகடன் படங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போட்டு வந்தது தெரிந்திருக்கும். 1977இல் '16 வயதினிலே' படத்துக்கு அது கொடுத்தது 62.5. அத்தனை பேர் கொண்டாடிய படத்துக்கு அவ்வளவுதான்! அந்தக் கை இறுக்கத்தால்தான் அந்த எண்ணை இன்றைக்கும் நினைவில் வைத்திருக்கிறோம்.

அதே 1977இல் இங்கே 'பொன்மணி' வந்தது. தர்மசேன பத்திராஜா என்ற சிங்கள இயக்குநர் யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் வைத்து எடுத்த தமிழ்ப் படம். எங்கள் சனம் அதைக் கைவிட்டது. திரையரங்கில் நிலைக்காத அந்தப் படத்தின் பெயர் இன்றும் அழியாமல் இருப்பது எழுதியவர்களால்தான். கே. எஸ். சிவகுமாரனைப் போன்றவர்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் பல பத்தாண்டுகளாகச் சினிமாவைப் பற்றி எழுதினார்கள். அந்த உழைப்பு நான்கு வரிக்குள் அடங்காது. அந்தமட்டில் தம்பி சொல்வது சரி.

முள்ளியவளை நேசன்:
ஒருவருடைய கருத்துக்கு ஏன் இத்தனை பாடு? 2015இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் 'தீபன்' தங்கப் பனை விருது வாங்கியது. எங்கள் எழுத்தாளர் ஷோபாசக்தி கதாநாயகனாக நடித்த படம். நடுவர்கள் உச்சியில் வைத்தார்கள். விமர்சகர்கள் பலரோ அதன் முடிவை ஏற்கவே இல்லை. உலகத்தின் பெரிய மேடையிலேயே இப்படி. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அடுத்த படத்தை எடுக்கச் சொல்லுங்கள்.

மாங்குளத்தாள்:
நேசன், கானில் ஒருவர் திட்டினால் இன்னும் நூறு பேர் எழுதுவார்கள். இங்கே அந்த நான்கு வரியைத் தவிர வேறு யார் எழுதினார்கள்? அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த ஒரே பதில் அதுதான். மடித்து வைக்க என்னால் முடியாது.

அண்ணை, நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். திரையிட்ட அன்று மண்டபத்தின் பின்வரிசையில் இருந்தேன். வாய்க்கால் கரையில் பேரனைத் தேடி வரும் கிழவி முதலில் ஒன்றும் பேசாமல், அவன் கழற்றிப் போட்ட செருப்பைக் கையில் எடுத்துப் பார்ப்பார். எனக்கு நெஞ்சு அடைத்தது. அதற்குப் பிறகு வாய் திறந்தார். "என் செல்வமே, என்னை விட்டு எங்கே சென்றாய்" என்று நீளமாக ஒரு வசனம். உருத்திரபுரத்துக் கிழவி எவராவது அப்படிக் கதைப்பாரா? செருப்போடு நிறுத்தியிருக்க வேண்டும். வசனம் செயற்கை என்று அவர் எழுதியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஒட்டுசுட்டான் வாத்தியார்:
பிள்ளை, இதுதான் விமர்சனம். இதை அந்தப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புங்கள்.

இரணைமடுவான்:
இரண்டு நாளாக இதற்குப் பதில் எழுதாமல் இருந்தேன். அந்த வசனத்தை எழுதியது நான். பிள்ளைகள் கேட்டார்கள், ஒரே இரவில் எழுதிக் கொடுத்தேன். என் அம்மாவை நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். தாளில் இறங்கியது சிறுவயதில் பார்த்த படங்களின் தாய். செருப்பை எடுக்கும் காட்சி மருமகனுடைய யோசனை. அதை அந்த நான்கு வரியில் ஒரு சொல்லாவது பாராட்டியிருக்கலாம் என்பதில் நான் இன்னும் மாறவில்லை.

தங்கச்சி, நீங்கள் எழுதியதை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். வசனத்தை எடுத்துவிட்டு மறுபடி வெட்டிப் பார்க்கிறானாம்.